ஒரு கட்சிக்கு இரு பெயர்



தேசிய இனங்களும் அவற்றின் கட்சிகளும் என்னும் பொருள் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டபொழுது, ஸ்பெயின் நாட்டின் வட எல்லையிலே வாழும் பாஸ்க் மக்களின் கட்சிகளைக் குறித்துப் பேசலாமென்றே முதலில் எண்ணினேன். நூல்களைப் புரட்டிக்கொண்டு போகையில், அந்த மக்கள் தம்மைக் குறிக்க வழங்கும் ஒரு சொல் என்னைத் தடுத்து நிறுத்திற்று. ‘எவுஸ்கல்துன்’ என்பது அச்சொல். அதன் பொருள் ‘பாஸ்க் மொழியை உடையவன்’ என்பதாம். எந்தக் குலத்திற் பிறந்தவன், எந்தக் கோவிலுக்குச் செல்பவன் என்ற கேள்வி அச்சொல்லுக்குள்ளே இல்லை. மொழியை உடையவன் எவனோ அவனே அந்த இனத்தவன்.

இதே கருத்தைக் கொண்ட ஒரு தொடரை என் இளமைக் காலத்திலே எங்கள் கரையோரத்து மேடைகளில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ‘தமிழ் பேசும் மக்கள்’ என்பது அத்தொடர். அதை நாட்டின் அரசியல் வழக்கிலே நிலைநிறுத்திய கட்சிக்குத் தமிழிலே ஒரு பெயர், ஆங்கிலத்திலே வேறொரு பெயர். தமிழில் இலங்கைத் தமிழரசுக் கட்சி. ஆங்கிலத்தில் அது சமஷ்டிக் கட்சி. ஆகவே, பாஸ்க் நாட்டுக்குப் போவதற்கு முன்னர் வீட்டிலிருந்தே தொடங்குவது முறையென்று கருதி, இந்தக் கட்சியின் வரலாற்றையும், அது எங்கள் அம்பாறைக் கரையோரத்திலே பெற்றதையும் இழந்ததையும் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

என் ஊர் சொறிக்கல்முனை. கல்முனையிலிருந்து மேற்கே கிட்டங்கித் துறையைக் கடந்து வயல்வெளிக்குள்ளே சென்றால் அதனை அடையலாம். திருச்சிலுவைக் கோவிலாற் பெயர் பெற்ற கத்தோலிக்க ஊர் அது. அயலிலே இந்துக் கோவிலுள்ள வீரமுனை. அதற்கப்பால் பள்ளிவாசல்கள் நிறைந்த சம்மாந்துறை. கரையோரத்தை நோக்கினால் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று தமிழும் முஸ்லிமும் ஒன்றுக்குள் ஒன்று கோத்தாற்போல ஊர்கள் தொடர்கின்றன. இத்தனை ஊர்களுக்கும் பேச்சு ஒன்றே. குடும்ப முறை, குடி வழக்கு, சாப்பாடு ஆகியவற்றிலும் வேறுபாடு சிறிதே. ‘தமிழ் பேசும் மக்கள்’ என்ற தொடருக்கு உரைகல் எங்கேயாவது உண்டென்றால், அஃது இந்தக் கரைதான்.

கட்சியின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். 1944 ஆம் ஆண்டிலே திரு. ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்களைத் தலைவராகக் கொண்டு அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் தோன்றியது. சுதந்திரம் கிடைத்த 1948 ஆம் ஆண்டிலே அவர் டி. எஸ். சேனநாயக்க அவர்களின் மந்திரிசபையிற் சேர்ந்தார். அதே காலத்திலே குடியுரிமைச் சட்டங்கள் வந்தன. மலைநாட்டுத் தோட்டங்களில் உழைத்த இலட்சக்கணக்கான தமிழர் நாடற்றவராயினர். அரசாங்கத்தோடு சேர்ந்து நிற்பதா, பிரிந்து நிற்பதா என்ற வினாவிலே காங்கிரஸ் உடைந்தது. திரு. சா. ஜே. வே. செல்வநாயகம், திரு. கு. வன்னியசிங்கம், டாக்டர் இ. மு. வி. நாகநாதன் ஆகியோர் வெளியேறி, 1949 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18 ஆம் திகதி கொழும்பு மருதானையிலே புதிய கட்சியை ஆரம்பித்தனர். மொழிச் சட்டம் வருவதற்கு ஆறரை ஆண்டுகளுக்கு முன்னரே இக்கட்சி பிறந்துவிட்டது என்பதையும், தன் வீட்டுக்கு வந்த துன்பத்திற்காக அன்றி மலைநாட்டானுக்கு நேர்ந்த அநீதியைக் கண்டு பிறந்தது என்பதையும் பலர் மறந்துவிடுகின்றனர்.

பெயரைப் பற்றி இங்கே சற்று நிற்க வேண்டியுள்ளது. ‘அரசு’ என்னும் தமிழ்ச் சொல் விரிந்த பொருளுடையது. முழு இறைமையுள்ள இராச்சியமும் அரசுதான். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே நியூயோர்க்கைப் போன்ற ஓர் உறுப்பு நாடும் அரசுதான். கட்சியைத் தொடங்கியவர்கள் இரண்டாவது பொருளையே கொண்டார்கள் என்பதற்கு அவர்கள் தாமே சூட்டிய ஆங்கிலப் பெயரே சாட்சி. ஒன்றுபட்ட இலங்கைக்குள்ளே சுயாட்சியுள்ள ஒரு தமிழரசு என்பதே அவர்கள் கோரிக்கை. ஆனால், எதிரணியினர் தமிழ்ப் பெயரை எடுத்துச் சிங்கள மக்களிடம் சென்று, இவர்கள் தனி இராச்சியம் கேட்கிறார்கள் என்றனர். இந்தப் பெயர்ப் பிணக்கு உயர்ந்த நீதிமன்றத்திலே தீர்வதற்கு ஏறத்தாழ அறுபத்தெட்டு ஆண்டுகள் பிடித்தன. அதைப் பின்னர் கூறுகின்றேன்.

முதற் பொதுத் தேர்தலிலே கட்சிக்குப் பெரிய வெற்றி கிட்டவில்லை. 1952 இல் இரண்டே ஆசனங்கள். தலைவர் செல்வநாயகமே காங்கேசன்துறையில் தோல்வியுற்றார். 1956 இல் நிலைமை தலைகீழாயிற்று. சிங்களம் மட்டும் என்ற முழக்கம் தெற்கே எழுந்தது. வடக்கிலும் கிழக்கிலும் தமிழரசுக் கட்சி பத்து ஆசனங்களைப் பெற்றது. அந்தப் பத்தில் இரண்டு எங்கள் கரையோரத்தவை. கல்முனையிலே கேட் முதலியார் எம். எஸ். காரியப்பரும், பொத்துவிலிலே திரு. எம். எம். முஸ்தபாவும் தமிழரசுக் கட்சியின் சார்பிலே வென்றனர். கிறிஸ்தவரொருவர் தலைமை தாங்கிய, பெரும்பாலும் இந்துக்களைக் கொண்ட ஒரு கட்சிக்கு முஸ்லிம் மக்கள் வாக்களித்து இரு முஸ்லிம்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய நிகழ்ச்சி, எக்காலத்தும் நினைக்கத் தகுந்தது.

ஆயினும் இருவரும் நெடுங்காலம் அக்கட்சியில் நிற்கவில்லை. இருவரும் பின்னர் வேறு வழி சென்றனர். முஸ்தபா அவர்கள் 1959 ஆம் ஆண்டின் இறுதியிலே, தகநாயக்க அவர்களின் குறுகியகால அரசாங்கத்தில் நிதி மந்திரியாகவும் விளங்கினார். 1960 ஆம் ஆண்டு ஜூலைத் தேர்தலிலே கல்முனை மறுபடியும் தமிழரசுக் கட்சிக்கு வாக்களித்து எம். சி. அகமது அவர்களைத் தெரிவு செய்தது. அவரும் பின்னர் அரசாங்கப் பக்கம் சென்று, 1970 இல் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியின் வேட்பாளராகவே அத்தொகுதியில் வென்றார்.

இதனை ‘கட்சி தாவல்’ என்ற ஒரே சொல்லிலே அடக்கிவிட்டு அப்பாற் செல்லும் வழக்கம் எங்கள் பக்கத்திலே உண்டு. எனக்கு அது போதிய விளக்கமாகத் தோன்றியதில்லை. தோன்றாமைக்கு ஒரு சிறு காரணமும் உண்டு. நான் பையனாக இருந்த காலத்திலே, மாரிமழை பெய்து கிட்டங்கியில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்த ஒரு நாள், தகப்பனாரோடு கரையிலே காத்து நின்றேன். பக்கத்திலே நெல் மூடைகளோடு ஒரு வண்டில். வண்டிற்காரர் சம்மாந்துறைப் பக்கத்து முதியவர், தகப்பனாருக்குப் பழக்கமானவர். தேர்தல் காலம் அது. “காக்கா, இந்த முறை நீங்க எந்தப் பக்கம்?” என்று தகப்பனார் கேட்டார். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “வயலுக்குத் தண்ணி வாற பக்கம், தம்பி” என்றார். இருவரும் சிரித்தார்கள். எனக்கு அன்று அது வேடிக்கைப் பேச்சாகவே பட்டது.

ஆனால், அந்தத் தண்ணீரைப் பற்றி அறிந்தவர்களுக்கு அது வேடிக்கையன்று. எங்கள் கரையோரத்து வயல்களுக்கெல்லாம் உயிர் பட்டிப்பளை ஆறு. கல்லோயா என்று சிங்களத்திலே வழங்குவது. 1949 ஆம் ஆண்டிலே கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, இங்கினியாகலையிலே பெரிய அணை கட்டப்பட்டுச் சேனநாயக்க சமுத்திரம் உண்டாயிற்று. தமிழரசுக் கட்சி பிறந்த அதே ஆண்டு! அணைக்குக் கீழே பல்லாயிரம் ஏக்கர் காடு கழனியாயிற்று. தூரத்து மாவட்டங்களிலிருந்து சிங்களக் குடும்பங்கள் பெருந்தொகையாகக் குடியேற்றப்பட்டன. 1956 ஜூன் மாதத்திலே சிங்களம் மட்டும் சட்டம் பாராளுமன்றத்திலே விவாதிக்கப்பட்ட வேளை, காலிமுகத் திடலிலே சத்தியாக்கிரகம் செய்த தமிழரசுக் கட்சியினர் அடித்துத் துரத்தப்பட்டனர். சில நாட்களுள் கல்லோயாக் குடியேற்றப் பகுதியிலே தமிழர் கொல்லப்பட்டனர். நாடு அதுவரை காணாத வகைக் கலவரம் அது. 1960 இல் அம்பாறை தனித் தேர்தற்றொகுதியாயிற்று. 1961 இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி அம்பாறை மாவட்டம் என்ற பெயரிலே தனியாயிற்று.

அணையின் கதவு அரசாங்கத்தின் கையிலே. வாய்க்காலின் தலைப்பு மேற்கே. நெல்வயலோ கிழக்கே, கடைசிவாய்க்காலின் அருகே. இத்தகைய நிலத்திலே விவசாயம் செய்பவனுடைய பிரதிநிதி, அரசாங்கத்தோடு பகைத்து ஐந்து வருடம் எதிர்க்கட்சியிலே அமர்ந்திருக்கக் கூடுமா? யாழ்ப்பாணத்துக் கமக்காரன் தன் கிணற்றிலே துலா மிதித்து இறைப்பவன். அவனுக்கு அரசாங்கத்தின் தயவு அவ்வளவு வேண்டியதில்லை. எங்கள் கமக்காரனுக்கு வேண்டும். அதற்கு மேலாக, இலங்கை முஸ்லிம்களில் மூன்றில் ஒரு பங்கினரே வடக்குக் கிழக்கிலே வாழ்ந்தனர். எஞ்சியோர் சிங்களப் பகுதிகளிலே சிதறி வாழ்ந்தனர். கல்முனைப் பிரதிநிதி வாய் திறக்குமுன் காலியிலும் கண்டியிலும் உள்ள கடைகளை எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. தமிழரசுக் கட்சியின் தலைவர்கள் மொழியை அறிந்த அளவுக்கு இந்த வாய்க்காலை அறிந்தார்களோ என்பது என் ஐயம். மொழி என்பது ஒருவனை ஒரு மேடைக்குக் கொண்டுவந்து நிறுத்தும். அந்த மேடையிலே தொடர்ந்து நிற்கச் செய்வதற்கு வேறு பல வேண்டும்.

இருந்தும் நின்றவர்களும் உண்டு. மருதமுனையைச் சேர்ந்த மசூர் மௌலானா அவர்கள் தமிழரசுக் கட்சியோடு நின்று செனற்சபை அங்கத்தவராகவும் இருந்தார். 1961 ஆம் ஆண்டு பெப்ரவரி 20 ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலிலே தொடங்கிய சத்தியாக்கிரகம் மட்டக்களப்புக்குப் பரவியபொழுது, அங்கே கச்சேரியின் முன்னிலையில் முஸ்லிம்களும் தமிழரோடு அமர்ந்தனர். ஏறத்தாழ இரண்டு மாத காலம் அரச அலுவல்கள் தடைப்பட்டன. ஏப்ரல் 14 ஆம் திகதி கட்சி தனக்கென ஒரு தபாற் சேவையைத் தொடங்கித் தமிழரசு முத்திரைகளையும் வெளியிட்டது. ஏப்ரல் 17 ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று. தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமிலே தடுத்து வைக்கப்பட்டனர். முத்திரை அச்சிட்டது விவேகமான காரியந்தானா என்று கட்சிக்காரரே பின்னர் வாதிட்டதுண்டு. தனி அரசுக்கு அடையாளம் காட்டியது போலாகிவிட்டது என்பது அவர்களின் குறை.

உடன்படிக்கைகளின் கதையை நேயர்கள் நன்கு அறிவீர்கள். 1957 ஜூலை 26 இல் பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம். 1958 ஏப்ரலில் அது கைவிடப்பட்டது. மே மாதத்திலே கலவரம், கட்சிக்குத் தடை. 1965 மார்ச்சிலே டட்லி சேனநாயக்கவோடு மற்றொன்று, அதுவும் நிறைவேறவில்லை. இவற்றுள் 1957 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் ஓர் அம்சம் மாத்திரம் எங்கள் கரைக்கு உரியதாகையால் அதனைக் குறிப்பிட வேண்டும். வட மாகாணத்துக்கு ஒரு பிரதேச சபை. கிழக்கு மாகாணத்துக்கோ இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிரதேச சபைகள். அவை விரும்பினால் மாகாண எல்லையைக் கடந்தும் ஒன்று சேரலாம். அதாவது, கிழக்கு என்பது ஒரே அச்சில் வார்த்த பொருளன்று என்பதையும், சேர்க்கை விருப்பத்தாலே நிகழ வேண்டும் என்பதையும் அந்தப் பழைய காகிதம் ஏற்றுக்கொண்டிருந்தது. பின்னர் வந்த எத்தனையோ திட்டங்களைவிட அதிலே நிதானம் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

இடதுசாரிகளைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். 1956 இல் இரு மொழிகளுக்கும் சம அந்தஸ்து வேண்டுமென்று பாராளுமன்றத்திலே உறுதியாக வாதிட்டவர்கள் சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளுமே. ஆனால் 1964 இல் சமசமாஜக் கட்சி அரசாங்கத்திற் பங்கேற்றது; 1966 ஜனவரியிலே தமிழ்மொழி ஒழுங்குவிதிகளை எதிர்த்து நடந்த கண்டனத்திலே இடதுசாரிகளும் நின்றனர்; 1972 ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பை வரைந்தவரோ கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. தமிழ் இளைஞருக்கு இடதுசாரிக் கொள்கையிலே அக்காலத்திற் பற்று மிகுதி. கொள்கையைச் சொன்னவர்கள் மேல் நம்பிக்கை போய்விட்டது. பொதுவுடைமையும் வேண்டும், தன்னாட்சியும் வேண்டும் என்று எண்ணியவன், இரண்டையும் சேர்த்து வைக்கும் புதிய இடத்தைத் தேடத் தொடங்கினான்.

இனிப் பிரிவினை. தமிழரசுக் கட்சி தொடக்க முதலே பிரிவினை கேட்டது என்பார் உண்டு. வரலாறு அவ்வாறு கூறவில்லை. பிரிவினையை முதலிலே வெளிப்படையாகப் பேசியவர் வவுனியாவின் பிரதிநிதியாக இருந்த திரு. சி. சுந்தரலிங்கம். அவரை 1960 இல் வவுனியா வாக்காளரே தோற்கடித்தனர். கட்சியின் மூளையென்று கருதப்பட்ட திரு. வ. நவரத்தினம் 1968 இல் கட்சியிலிருந்து விலக்கப்பட்டு, தமிழர் சுயாட்சிக் கழகத்தை அமைத்து, 1970 இல் ஊர்காவற்றுறையிற் போட்டியிட்டுத் தோற்றார். அதே 1970 ஆம் ஆண்டுத் தேர்தல் விஞ்ஞாபனத்திலே, நாட்டைத் துண்டாடக் கேட்போருக்கு ஆதரவளிக்க வேண்டாமென்று தமிழரசுக் கட்சி மக்களை வேண்டிக்கொண்டது.

ஆறே ஆண்டுகள். 1976 மே 14 ஆம் திகதி வட்டுக்கோட்டையிலே அதே செல்வநாயகத்தின் தலைமையிலே தனியரசுத் தீர்மானம் நிறைவேறியது. இடையிலே நடந்தவற்றைக் கணக்கிட்டுப் பாருங்கள்: பல்கலைக்கழக அனுமதியிலே தரப்படுத்தல், அரசியல் நிர்ணய சபையிலே தமிழரசுக் கட்சி கொண்டுவந்த திருத்தங்கள் நிராகரிக்கப்பட்டு 1971 ஜூனில் அது வெளியேறியமை, சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த 29 ஆம் பிரிவு இல்லாத புதிய யாப்பு, செல்வநாயகம் மக்கள் தீர்ப்பைக் கோரி 1972 அக்டோபரிலே ஆசனத்தைத் துறந்தும், இடைத்தேர்தல் 1975 பெப்ரவரி வரை தாமதிக்கப்பட்டமை, 1974 ஜனவரி 10 ஆம் திகதி தமிழாராய்ச்சி மகாநாட்டின் இறுதி நாளில் யாழ்ப்பாணத்திலே உயிர்கள் பலியானமை. வட்டுக்கோட்டைத் தீர்மானம் கேட்டது சுதந்திரமும் இறைமையும் உள்ள, மதச்சார்பற்ற, சோஷலிசத் தமிழீழம். ‘சோஷலிச’ என்ற சொல் செல்வநாயகத்தின் சொல்லன்று என்றே நினைக்கிறேன். அது கூட்டத்தில் நின்ற இளைஞரின் சொல். கிழவர் தம் கையெழுத்தையும், இளைஞர் தம் சொற்களையும் அதிலே இட்டனர்.

1977 ஜூலைத் தேர்தலிலே தமிழர் விடுதலைக் கூட்டணி பதினெட்டு ஆசனங்களைப் பெற்றது. எங்கள் கரையிலே கதை வேறு. அப்பொழுது இளம் சட்டத்தரணியாகவிருந்த எம். எச். எம். அஷ்ரப் அவர்கள் முஸ்லிம் ஐக்கிய முன்னணியின் மூலம் கூட்டணிக்கு ஆதரவு தேடினார். முஸ்லிம் பிரதேசங்களுக்குத் தன்னாட்சி என்ற உறுதிமொழியும் முன்வைக்கப்பட்டது. முஸ்லிம் வாக்காளர் ஏற்கவில்லை. கல்முனையும் சம்மாந்துறையும் ஐக்கிய தேசியக் கட்சிக்குச் சென்றன. இரட்டை அங்கத்தவர் தொகுதியான பொத்துவிலிலே கூட்டணி சார்பில் வென்ற திரு. எம். கனகரத்தினம் அவ்வாண்டு டிசம்பரிலேயே அரசாங்கக் கட்சியிற் சேர்ந்தார். 1978 ஜனவரியிலே சுடப்பட்டு, 1980 இல் இறந்தார். காரியப்பர் கட்சி மாறியபொழுது மேடையிலே ஏசினார்கள். கனகரத்தினம் மாறியபொழுது துப்பாக்கி பேசிற்று. இருபது ஆண்டிலே எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பதை அந்த ஒரு வேறுபாட்டிலே காணலாம்.

அஷ்ரப் அவர்கள் அந்தத் தோல்வியிலிருந்து தாம் கற்றதைக் கொண்டு, 1981 இல் காத்தான்குடியிலே ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரசை ஆரம்பித்தார். பின்னர் கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் ஆகிய மூன்று தொகுதிகளையும் சேர்த்துத் தென்கிழக்கு அலகு வேண்டுமென்று அக்கட்சி கேட்டது. கொழும்பை நோக்கித் தமிழர் கூறிய அதே நியாயத்தைத் தமிழரை நோக்கி முஸ்லிம்கள் கூறினர். எங்களுடைய வாதத்தை எங்களுக்கே திருப்பிப் படித்துக் காட்டினால் அது எவ்வளவு கசப்பாக இருக்கிறது என்பதை அப்பொழுதுதான் அறிந்தோம். 1990 ஆம் ஆண்டு எங்கள் மாவட்டத்திலும் காத்தான்குடியிலும் வடக்கிலும் நிகழ்ந்தவற்றை நான் விவரிக்கப் போவதில்லை. வீரமுனைக் கோவிலிலே தஞ்சம் புகுந்தோருக்கு நேர்ந்ததும், காத்தான்குடிப் பள்ளிவாசலிலே தொழுதுகொண்டிருந்தோருக்கு நேர்ந்ததும் ஒரே ஓகஸ்ட் மாதத்திலே, ஒன்பது நாள் இடைவெளியிலே. இவர்களுள் எவரும் தமிழைத் தவிர வேறு தாய்மொழி அறியாதவர்கள்.

இப்பொழுது பாஸ்க் நாட்டுக்குப் போவோம். 1895 இல் சபினோ அரானா தொடங்கிய பாஸ்க் தேசியக் கட்சி, இரத்தத்தையும் கத்தோலிக்க சமயத்தையும் பெரிதாக எண்ணியது. தொழிற்சாலைகளுக்கு வேலை தேடி வந்த பிற மாகாணத்தவரை அது தன்னவராகக் கருதவில்லை. பிராங்கோவின் சர்வாதிகாரத்தின் கீழ், 1959 இல் எற்றா என்னும் இயக்கத்தைத் தோற்றுவித்த இளைஞர் பரம்பரை இரத்தத்தை விட்டு மொழியைப் பற்றிக்கொண்டது. அதனோடு தொழிலாளர் அரசியலையும் சேர்த்தது. கற்றுக்கொள்ளக் கூடியது மொழி. ஆகவே வந்தவனும் சேரலாம். கொள்கையளவிலே இது பெருந்தன்மையான மாற்றம். ஆனால் அந்த இயக்கமே துப்பாக்கியை எடுத்து எண்ணூறுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அதன் பக்கம் சார்ந்த இடதுசாரிப் பிரிவினைக் கட்சியாகிய ஹெரி பத்தசூனா 1978 இல் உருவாகிற்று. வன்முறையைக் கண்டிக்க மறுத்தமையால் 2003 இல் ஸ்பெயினின் உயர் நீதிமன்றம் அதனைத் தடைசெய்தது. 2009 இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அத்தடை சரியென்றது. அதே வழிவந்தோர் வன்முறையை நிராகரிக்கும் விதியோடு சோர்ட்டு என்ற புதுக் கட்சியை அமைத்தபொழுது, 2012 இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதனை அனுமதித்தது. அதன் கொள்கை அன்றும் பிரிவினையே. பிரிவினை என்ற கருத்துக்கு அங்கே தடையில்லை. கொலைக்குத் துணை நிற்பதற்கே தடை.

இலங்கையிலே சட்டம் வேறு. 1983 ஓகஸ்டிலே வந்த ஆறாவது திருத்தத்தின்படி, பிரிவினையை ஆதரிப்பதே குற்றம். எதிர்ப்புத் தெரிவித்த கூட்டணி அங்கத்தவர்கள் பாராளுமன்ற ஆசனங்களை இழந்தனர். அந்தச் சட்டத்தைக் கொண்டே, தமிழரசுக் கட்சியின் நோக்கம் தனியரசு என்று 2014 இல் உயர் நீதிமன்றத்திலே ஒரு மனுச் செய்யப்பட்டது. மனுதாரர் எடுத்துக்காட்டிய சான்றுகளில் ஒன்று, தமிழ் படித்தவர் எவரையும் புன்னகைக்கச் செய்யும். கட்சியின் யாப்பிலே ‘சமஷ்டி’ என்றிருந்த சொல்லை 2008 இல் ‘இணைப்பாட்சி’ என்று மாற்றிவிட்டார்களாம். ஆகவே உள்நோக்கம் உண்டாம்! வடசொல்லை விட்டுத் தமிழ்ச் சொல்லை இட்டதற்கு விளக்கம் கூறும் நிலைக்கு ஒரு கட்சி நீதிமன்றத்திலே நின்றது. 2017 ஓகஸ்ட் 4 ஆம் திகதி, பிரதம நீதியரசர் பிரியசாத் டெப் அவர்களின் தலைமையிலான நீதியரசர்கள் மனுவைத் தள்ளினர். ஒரு நாட்டுக்குள்ளே சமஷ்டி ஆட்சியைக் கோருவது பிரிவினை கோருவதாகாது என்பது தீர்ப்பு. 1949 இல் மருதானையிலே கூறப்பட்ட பொருளையே நீதிமன்றம் ஏற்றது. கேட்பதற்குச் செல்வநாயகம் இல்லை. 1977 ஏப்ரல் 26 ஆம் திகதி அவர் மறைந்தார். அமிர்தலிங்கமும் இல்லை, 1989 ஜூலை 13 ஆம் திகதி கொழும்பிலே தமிழரின் துப்பாக்கிக்கே அவர் இரையானார்.

கட்சியோ இருக்கின்றது. 2004 இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அதன் பெயரிலும் வீட்டுச் சின்னத்திலும் போட்டியிட்டு இருபத்திரண்டு ஆசனங்களைப் பெற்றது. 2010 இல் அம்பாறையிலே அதே சின்னத்தில் வென்ற திரு. பியசேன, அவ்வாண்டு செப்டெம்பரிலேயே பதினெட்டாவது திருத்தத்திற்கு அரசாங்கத்தோடு சேர்ந்து வாக்களித்தார். எங்கள் கரையின் பழைய வழக்கம் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இது போதும். 2020 இல் மாவட்டத்திலே ஆசனம் கிட்டவில்லை. 2024 இல் மீண்டும் கிட்டியது. நாடு முழுவதிலும் கட்சிக்கு எட்டு.

இனி எஞ்சியிருப்பது இணைப்புக் கேள்வி. பாஸ்க் தேசியவாதிகள் தமது தாயகத்தின் ஒரு பகுதியென்று உரிமை கோரும் நவாரா, மற்ற மூன்று மாகாணங்களோடு சேரவில்லை. சேர விரும்பினால் தன் மக்களின் வாக்கெடுப்பின் மூலம் சேரலாமென 1978 ஆம் ஆண்டு ஸ்பானிய யாப்பிலே ஓர் ஏற்பாடு வைக்கப்பட்டது. நவாரா 1982 இல் தனி ஆட்சி அலகாகவே அமைந்தது. அந்த ஏற்பாடு ஏட்டளவில் இருக்கின்றது. இங்கே 1987 ஆம் ஆண்டு இந்திய–இலங்கை உடன்படிக்கையின் பின்னர், 1988 செப்டெம்பரிலே வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணைக்கப்பட்டன. கிழக்கு மக்களைக் கேட்டு நிரந்தரமாக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆண்டுதோறும் வாக்கெடுப்பு ஒத்திவைக்கப்பட்டது. 2006 அக்டோபரிலே உயர் நீதிமன்றம் அந்த இணைப்புச் செல்லாதென்றது; 2007 ஜனவரி முதல் நாள் இரு மாகாணங்களும் பிரிந்தன. கிழக்கு மக்களின் விருப்பம் என்னவென்று பதினெட்டு ஆண்டுகளாக எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்கள் கரையோரத்து முஸ்லிம்கள் என்ன கூறியிருப்பார்கள், சொறிக்கல்முனையார் என்ன கூறியிருப்பார்கள் என்று ஊகித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

கல்முனையிலே இப்பொழுது நடக்கும் வழக்கு இன்னும் சிறிய அளவினது. வடக்குப் பகுதியிலுள்ள தமிழருக்கான உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துவதா, அதன் எல்லை எது என்பது. 2019 ஜூனிலே அதற்காக உண்ணாவிரதமும் நடந்தது. ஒரு பிரதேச செயலகத்துக்கே இந்தப் பாடு. அரசு, சமஷ்டி, இணைப்பாட்சி என்ற பெரிய சொற்களெல்லாம் எங்கள் ஊரிலே கடைசியில் வந்து நிற்பது, எந்தக் கந்தோரிலே எந்தக் கிளாக்கரிடம் பிறப்புச் சாட்சிப் பத்திரம் எடுப்பது என்ற கேள்வியில்தான். கிட்டங்கியிலே மாரிக்குத் தண்ணீர் பாய்வது இன்றும் நிற்கவில்லை. வீதி மூழ்கும் நாட்களிலே இரு கரையிலும் இரு திறத்தாரும் காத்து நிற்கின்றனர். தண்ணீர் வற்றும் வரை பேச்சு நடக்கிறது. தேர்தற் பேச்சும் அதிலே உண்டு.